உயிரோடிருக்கும்போதே ஆறடி

ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலைகளில் இரவு டென்ட் போட்டுப் படுக்க ஒரு பெண் இடம் தேடுவதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் தோழி ஒருத்தி முகம் சுளித்தாள். கூலி, சொத்து, சாதி, குடும்ப வன்முறை என்று பேச ஆயிரம் இருக்கும்போது, கையில் காசுள்ளவர்களின் பொழுதுபோக்குக்கு எதற்கு இத்தனை பக்கம் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் படுக்க இடம் தேடிப் புறப்பட்ட ஒவ்வொரு முறையும் அவள் சொன்ன அதே விஷயங்களின் மேல்தான் நான் போய் முட்டிக்கொண்டேன். நிலம் யார் பெயரில் இருக்கிறது, காடு யார் கையில் இருக்கிறது, இருட்டு யாருக்குச் சொந்தம், ஒரு பெண் இந்த நேரத்தில் இந்த இடத்தில் இருப்பதற்கு யாரிடம் காரணம் சொல்ல வேண்டும்? ஒரு டென்ட்டை விரிக்கப் பார்த்தால் இத்தனையும் சேர்ந்து எழுந்து வரும்.

செத்த பிறகு எல்லோருக்கும் ஆறடி நிலம் என்பார்கள். சுடுகாட்டுப் பாதைக்குக்கூட தலித் மக்கள் போராட வேண்டியிருக்கும் நாட்டில் அதுவும் முழு உண்மையில்லை. நான் கேட்பது உயிரோடிருக்கும்போது, ஒரே ஒரு ராத்திரிக்கு, வானத்துக்குக் கீழே ஆறடி. அதை யாரிடம் கேட்பது, ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்பதே என் வழக்கு.

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. போளூரிலிருந்து ஒரு சாலை ஜமுனாமரத்தூருக்கு ஏறுகிறது. ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஒன்று, வேலூரிலிருந்து அமிர்தி வழியாக ஒன்று, திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஒன்று. ஊட்டி, கொடைக்கானல் போல வழிநெடுக விடுதிகள் கிடையாது. வளைவுக்கு வளைவு காடு, நடுவில் சாமைக் கொல்லை, புளியமரம், பத்து இருபது வீடுகள் கொண்ட ஊர், மறுபடியும் காடு. இந்தச் சாலைகளில் ஸ்கூட்டரிலும் பேருந்திலும் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். சில சமயம் தனியாக, பெரும்பாலும் இரண்டு மூன்று தோழிகளோடு.

பயண வீடியோ போடும் ஆண்கள் இடம் தேட மூன்று விதி சொல்வார்கள்: சமதரை வேண்டும், பக்கத்தில் தண்ணீர் வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்கக்கூடாது. முதல் இரண்டில் எனக்குச் சண்டையில்லை. காய்ந்து கிடக்கிறதே என்று ஓடைப் படுகையில் படுக்கக்கூடாது. மலையுச்சியில் பெய்யும் மழை இங்கே ஒரு சொட்டு விழாமலே வெள்ளமாக வந்து சேரும். பட்ட கிளைக்கு அடியில் படுக்கக்கூடாது. பலா பழுக்கும் மாதங்களில் பலாமரத்தடி ஆகாது, கரடி வரும். விலங்குத் தடத்தில் கூடாது. சருகு மண்டிய இடத்தில் தீக்குச்சியே கிழிக்கக்கூடாது. இதெல்லாம் மலை போடும் சட்டம். அது ஆண் பெண் பார்ப்பதில்லை.

மூன்றாவது விதியில்தான் எங்கள் பாதை பிரிகிறது. ஆளில்லாத இடம் அவர்களுக்கு அமைதி. எனக்கு அது பாதி அமைதி, பாதி கணக்கு. வண்டி விளக்கு படாத அளவுக்குச் சாலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் ஒரு வீடும் இருக்க வேண்டும். அந்த வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். மதுக்கடையிலிருந்து திரும்புகிறவர்கள் எந்த வழியாக வருவார்கள் என்று கேட்டு வைக்க வேண்டும். வண்டியைச் சாலை பார்த்து நிறுத்த வேண்டும். போன் சிக்னல் எந்தப் பாறை மேல் கிடைக்கிறது என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவைக்க வேண்டும். நடுராத்திரி எழுந்து சிறுநீர் கழிக்கப் போகும் இடம் எது, மாதவிடாய் என்றால் துணியையோ பேடையோ என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். ஓர் ஆண் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் இந்தப் பட்டியலை முடித்துக்கொண்டிருக்கிறேன். ஊதியம் இல்லாத எத்தனையோ வேலைகளோடு இதையும் பெண்ணின் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த உழைப்பு முடிந்து ஓர் இடம் கண்ணில் பட்டாலும் அங்கே படுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. சாலையோரம் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவதே குற்றம். சட்டம் 1882ஆம் ஆண்டுடையது, வெள்ளைக்காரன் மரத்தைக் காக்கப் போட்டது. ஸ்காட்லாந்தில் 2003இல் போட்ட நிலச் சட்டம், வேலியில்லாத நிலத்தில் யாரும் நடக்கலாம், ஓரிரு இரவு கூடாரமடிக்கலாம் என்கிறது. ஸ்வீடனில் அது காலங்காலமான உரிமை. அமெரிக்காவின் தேசியக் காடுகளில் பெரும்பாலும் இரண்டு வாரம்வரை, முகாம் என்று குறிக்கப்படாத இடத்திலும் படுக்கலாம். நமக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. மிஞ்சுவது பட்டா நிலம், உரிமையாளரின் சம்மதம்.

அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பாருங்கள். கொல்லையில் களை பறித்துக்கொண்டிருப்பது பெண். விதைத்தது, அறுத்தது, பன்றி வராமல் விடிய விடியக் காவல் இருந்தது எல்லாவற்றிலும் அவள் கை உண்டு. "இங்க ஒரு ராத்திரி படுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டால், பல முறை எனக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான்: "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு, அவரு வரட்டும், கேட்டுச் சொல்றேன்." பட்டா அவர் பெயரில். என் வீட்டில் நான் கிளம்பும்போது ஒரு "அவர்", இங்கே படுக்கும்போது இன்னொரு "அவர்". நகரத்திலிருந்து வந்த பெண்ணும் மலையில் உழைக்கும் பெண்ணும் ஒரே வரப்பில் நின்றுகொண்டு, அங்கே இல்லாத ஓர் ஆணின் அனுமதிக்குக் காத்திருக்கிறோம். வன உரிமைச் சட்டம், 2006 இதை உடைக்க ஒரு வழி செய்திருக்கிறது. திருமணமானவர்களுக்கு வழங்கும் நில உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே பதியப்பட வேண்டும் என்கிறது. கிராம வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. காகிதத்தில் இருக்கும் இந்த இரண்டு வரிகள் களத்துக்கு வந்திருந்தால், அந்த வரப்பில் அவளே பதில் சொல்லியிருப்பாள்.

இனி இருட்டைப் பற்றி. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1960களின் கடைசியில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நகர வெளிச்சம் எட்டாத இருட்டு, தெற்கு வானத்தையும் நன்றாகப் பார்க்க முடிகிற அட்சரேகை. 1986இல் அங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி நாட்டின் பெருமைகளில் ஒன்று. எனக்கும் பெருமைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: இந்த மலையின் இருட்டுக்கு விலை உண்டு, அது பாதுகாக்க வேண்டிய செல்வம் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே இருட்டு, அதே மலை, ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பெண் பாயை விரித்து நட்சத்திரம் பார்க்க உட்கார்ந்தால் உடனே "பொண்ணுங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்றாகிவிடுகிறது. கருவிக்குச் செல்வமாக இருப்பது நமக்கு மட்டும் எப்படிக் குற்றமாகிறது?

பெண்கள் வெட்டவெளியில் இரவைக் கழிப்பதை இந்தச் சமூகம் ஒருபோதும் அனுமதித்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். மலையிலிருந்து இறங்கித் திருவண்ணாமலைக்குப் போங்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கானவர்கள் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறார்கள். பாதிக்குப் பாதி பெண்கள் இருப்பார்கள். கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், கல்லூரி மாணவிகள். நள்ளிரவில் வெறுங்காலோடு நடந்து, கால் வலித்தால் நடைபாதையிலேயே துண்டை விரித்துப் படுக்கிறார்கள். எந்த அப்பாவும் தடுப்பதில்லை. சாமி பெயரைச் சொன்னால் ராத்திரி பாதுகாப்பானதாகிவிடுகிறது. காரணம் சாமியா? சாலைவிளக்கு, சிறப்புப் பேருந்து, தண்ணீர்ப் பந்தல், தற்காலிகக் கழிப்பறை, போலீஸ், கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக "இவள் இங்கே இருக்கலாம்" என்று ஊர் ஒப்புக்கொண்டிருப்பது. இரவைப் பாதுகாப்பாக்குவது எப்படி என்று நமக்குத் தெரியாமல் இல்லை. மாதத்துக்கு ஒரு முறை செய்துகாட்டுகிறோம். பக்திக்குச் செய்வதை ஆசைக்குச் செய்ய மறுக்கிறோம்.

உழைப்புக்கும் அனுமதி உண்டு. கரும்பு வெட்டப் போகும் குடும்பங்களும் செங்கல் சூளைக் குடும்பங்களும் மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குக் கீழே படுக்கிறார்கள். அந்தப் பெண்களிடம் யாரும் "பாதுகாப்பா?" என்று கேட்டதில்லை. புதூர்நாட்டுப் பக்கம் தன் வாசலில் எங்களைப் படுக்கவிட்ட ஒரு மூத்த பெண் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "ராவுல ஒதுங்கப் போறப்ப பயமா இருக்குதான்னு எங்கள எவன் கேட்டான்?" கழிப்பறை இல்லாததால் இருட்டுக்குள் போகும் பெண்ணை எல்லோருக்கும் தெரியும். யாரும் பதறுவதில்லை. இருட்டைத் தானே விரும்பிப் போகிறாள் என்றால்தான் பதற்றம். ஆக, இவர்கள் கவலைப்படுவது பெண்ணின் உடலுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றியா, அவளுடைய விருப்பத்தைப் பற்றியா?

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். ஆபத்து கற்பனையில்லை. 2024 மார்ச் 1 அன்று ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில், மோட்டார் சைக்கிளில் உலகம் சுற்றிவந்த ஸ்பானிய மொழி பேசும் தம்பதி சாலையோரம் டென்ட் போட்டிருந்தபோது அந்தப் பெண்ணைக் கூட்டாக வல்லுறவு செய்தார்கள். 2025 மார்ச் 6 இரவு, ஹம்பிக்குப் பக்கத்தில் சானாபூரில் கால்வாய்க் கரையில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த குழுவைத் தாக்கி இரண்டு பெண்களை வல்லுறவு செய்தார்கள். அவர்களோடு இருந்த ஆண்களைத் தண்ணீரில் தள்ளினார்கள், ஒருவர் இறந்துபோனார். இரண்டும் நான் படுக்கும் மாதிரியான இடங்கள். இந்தச் செய்திகளைப் படித்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் இந்தச் செய்திகளிலிருந்து என்ன பாடம் எடுக்கிறோம்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுகளின் அறிக்கைகளை எடுத்துப் பார்த்தால், பதிவான வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்: உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை தந்தவர், காதலன். அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "பெண்ணே, வீட்டில் இருக்காதே" என்று யாரும் எழுதவில்லை. வீட்டில் நடந்தால் அது ஓர் ஆணின் குற்றம். வெளியில் நடந்தால் அது இடத்தின் குற்றம், நேரத்தின் குற்றம், கடைசியில் அவளுடைய குற்றம்.

காட்டுக்கு வந்தால் கணக்கு இன்னும் கசப்பானது. ஜவ்வாது மலைக்குத் தென்மேற்கே, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்து 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள் அந்தப் பெண்கள் நீதிமன்றப் படியேறினார்கள். மலையில் பெண்ணுக்கு ஆபத்து என்று எங்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த வழக்கிலிருந்து தொடங்கட்டும். அந்த ஆபத்து சீருடையோடு வந்தது, பகலில் வந்தது, ஊருக்குள்ளேயே வந்தது.

ஜவ்வாது மலைக்கும் தன் காயம் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று 20 பேரை அம்மாநிலக் காவல்துறை சுட்டுக்கொன்றது. இறந்தவர்களில் இந்த மலையிலிருந்து கூலிக்குப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய மனைவிமார்கள் இந்தச் சாலைகளில்தான் உடலுக்காகக் காத்து நின்றார்கள். அதனால் இங்கே டென்ட் போட வருகிற நாம், ஆளில்லாத அழகிய மலைக்கு வருகிறோம் என்ற நினைப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். ஆளில்லாத இடம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் யாரோ ஒருத்தி நெல்லிக்காயும் கடுக்காயும் பொறுக்கிய இடம், அல்லது அவளைப் பொறுக்கவிடாமல் விரட்டிய இடம். அவளுக்குத் தன் காட்டில் நுழைய உரிமையில்லாத நிலையில் எனக்கு மட்டும் அங்கே படுக்க அனுமதி கிடைத்தால் அது உரிமையாகாது, சலுகை. அந்தச் சலுகையை நான் கேட்கவில்லை.

அரசு இதற்குச் செய்திருப்பது என்ன? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்கள் பலர். அது பெரும் துயரம். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தது சரிதான். தீக்காலத்தில் பாதையை மூடுவதையும் வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது என்பதையும் நான் ஏற்கிறேன். 2024இல் வந்த தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் 40 பாதைகளைத் திறந்தது, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது. அதுவும் நல்லது. ஆனால் ஒழுங்குபடுத்தும் நோக்கம் ஒரு வாசலைத் திறக்கும்போதே இன்னொன்று சாத்தப்படுகிறது: காசு கட்டிய கூட்டத்தோடு, குறித்த நேரத்தில் ஏறி இறங்குபவர்களுக்கு மட்டும் மலை. வெளியே தனியார் வேலிபோட்ட டென்ட் விடுதிகள் "பெண்களுக்குப் பாதுகாப்பானது" என்று விளம்பரம் செய்கின்றன. அவற்றில் ஒன்று எங்களைத் திருப்பி அனுப்பியது. மூன்று பெண்கள், கூட ஆண் யாரும் இல்லை, ஆகவே இடமில்லை. பாதுகாப்பை விற்கும் கடையிலும் அதை வாங்க ஆண் துணை வேண்டியிருக்கிறது!

நான் கேட்பது கம்பிவேலி போட்ட பெண்கள் முகாமல்ல. என் கோரிக்கைகள் எளியவை. முதல் உரிமை மலைப்பெண்களுக்கு. ஒவ்வொரு ஊருக்கும் தண்ணீர் வரும் கழிப்பறை, சாயங்காலத்துக்குப் பிறகும் பேருந்து, கூட்டுப் பட்டா. இவை வந்தாலே பாதி இரவு நமக்குத் திரும்பிவிடும். அடுத்தது, காடும் நிலமும் யாருக்குத் திறக்கும் என்பதைக் கிராம சபை தீர்மானிக்கட்டும். அது சம்மதித்தால் ஊரை ஒட்டி ஐந்தாறு டென்ட்டுக்கு ஒரு திடல், ஒரு குழாய், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. நடத்துவது மகளிர் சுய உதவிக் குழு, வருமானமும் அவர்களுக்கே. ஊர் மறுத்தால் நாம் திரும்பிப் போவோம். அந்த மறுப்பும் உரிமைதான். அனுமதிப் படிவம் எதிலும் அப்பா, கணவர் பெயருக்குக் கட்டம் வேண்டாம். தாக்குதல் நடந்தால் "எங்கள் எல்லை இல்லை" என்று எந்தக் காவல் நிலையமும் சொல்லக்கூடாது. எங்கே நடந்த குற்றத்தையும் எந்த நிலையத்திலும் பதியலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமே சொல்கிறது. மாணவிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இது தனி ஒருத்தியின் கிறுக்குத்தனமும் இல்லை. பெங்களூரில் தொடங்கிய பிளாங்க் நாய்ஸ் அமைப்பின் அழைப்பில் பல ஊர்ப் பெண்கள் பூங்காக்களில் ஒன்றுகூடிச் சும்மா படுத்துத் தூங்கினார்கள், அதையே போராட்டமாக்கினார்கள். 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்' – கூண்டை உடை – என்று விடுதிப் பூட்டுக்கு எதிராகத் தெருவுக்கு வந்தார்கள். விடுதி வாசலில் மாலை ஆறரைக்குக் கையெழுத்துப் போடும் மாணவிக்கு ஜவ்வாது மலை ரொம்ப தூரம் என்று தோன்றலாம். அந்தக் கையெழுத்தும், "அவரு வரட்டும்" என்று கொல்லையில் காத்திருக்கும் பெண்ணும், மூன்று பெண்களைத் திருப்பி அனுப்பிய டென்ட் விடுதியும் ஒரே பூட்டின் மூன்று சாவித்துளைகள்.

பயம் இல்லாமல் போகுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பயம் அறிவு, ஓடைப் படுகையில் படுக்காதே என்று சொல்வதும் அதுதான். கூட்டாகப் போங்கள், இடத்தைப் பகலில் பாருங்கள், வீட்டுப் பெண்களிடம் பேசுங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று நம்புகிற ஒருத்திக்குச் சொல்லிவையுங்கள், குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். ஆனால் "எதுக்குப் போற?" என்று கேட்டால் கோயில், வேலை, படிப்பு என்று காரணம் தேடாதீர்கள். படுக்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். ஆண்கள் இதற்கு ஒருபோதும் காரணம் சொன்னதில்லை.